கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள் மாரியம்மனையும் பார்த்துவிட்டு வரலாம்

பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவுக்கு ஒரு நாள் சுற்றுலா வருபவர்களின் பட்டியலில் கெல்லி கோட்டை இல்லாமல் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். மாடிப்படிகளில் படம் எடுத்துக்கொண்டு, ஆவிக் கதைகளைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திற்குச் செல்பவர்கள் குறைவு. அந்த ஆலயத்தைப் பார்க்காமல் கோட்டையின் கதை பாதிதான் விளங்கும்.

பெயர்தான் கோட்டை. அங்கே பீரங்கியும் இல்லை, அகழியும் இல்லை. பேராக்கில் அசல் கோட்டை பார்க்க விரும்புபவர்கள் பங்கோர் தீவில் டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டைக்கோ, மாத்தாங்கில் உள்ள ஙா இப்ராஹிம் கோட்டைக்கோ போக வேண்டும். பத்துகாஜா - கோப்பெங் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்பது கட்டி முடிக்கப்படாத ஒரு தோட்ட முதலாளியின் மாளிகை.

அந்த முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்து, 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். சாலை அமைக்கும் குத்தகையில் கையில் காசு சேர்ந்ததும், கிந்தா வட்டாரத்தில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் பயிரிட்டார். சொந்த ஊரான கெல்லஸின் பெயரைச் சேர்த்துத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லஸ் என்று பெயரிட்டார். காட்டை வெட்டியது, கன்று நட்டது, பால் மரம் சீவியது எல்லாம் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒரு வீடு கட்டினார். மகன் பிறந்த பிறகு, 1915-இல், அதைவிடப் பெரிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். ஆறு மாடிக் கோபுரம், மொட்டை மாடியில் விருந்து நடத்தும் இடம், மதுக் கிடங்கு, மலாயாவின் முதல் மின்தூக்கி என்று திட்டம் பெரிதாக இருந்தது. இந்தியக் கட்டடக் கலையில் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதனால் மதராஸிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. இன்று சாந்து உதிர்ந்த இடங்களில் வெளியே தெரியும் அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்க்கலாம்.

வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் உலகையே ஆட்டிப்படைத்த ஸ்பானியக் காய்ச்சல் 1918-இல் மலாயாவுக்குள் நுழைந்தது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தோட்ட லயங்களில் அது வேகமாகப் பரவியது. கெல்லஸ் தோட்டத்திலும் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் எழுப்பினால்தான் நோய் அடங்கும் என்று எஞ்சியவர்கள் துரையிடம் போய்க் கேட்டதாகவும், அவரும் சம்மதித்து மாளிகை வேலையை நிறுத்திவைத்துவிட்டு ஆலயத்தைக் கட்டவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

அதற்கு நன்றியாகத் தொழிலாளர்கள் செய்ததுதான் வியப்பு. ஆலயத்தின் மேற்கூரையில் தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிந்த ஒரு வெள்ளைக்காரரின் சிலையையும் வைத்தார்கள். அது ஸ்மித் துரைதான். இது பக்தியா, நன்றியா, மேலிடத்துக்குப் பணிந்து பழகிய வழக்கமா என்று இன்று கேட்கலாம். மூன்றும் கலந்திருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் அது தொழிலாளர்கள் தங்கள் கையால் விட்டுச்சென்ற சாட்சி. கோட்டையைச் சுற்றிக் காட்டுபவர்கள் ஸ்மித், மனைவி, மகள், மகன் என்று குடும்பத்தையே பெயர் சொல்லி விவரிக்கிறார்கள். மாண்டுபோன தொழிலாளர்களோ ‘இந்தியக் கூலிகள்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறார்கள்.

1926 டிசம்பரில் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் காலமானார். மாளிகை அப்படியே நின்றது. மனைவி எக்னஸ் சொத்தை ஹேரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் நிறுவனத்திற்கு விற்றார். மாளிகைக்கும் ஆலயத்திற்கும் இடையே சுரங்கப்பாதை இருந்ததாக ஒரு பேச்சு உண்டு. ஆவிக் கதைகளுக்கு அது நல்ல தீனி. பின்னாளில் பேராக்கின் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆள் போன தோட்டங்களில் கோயில் மட்டும் தனித்து நிற்பதை இந்த மாநிலத்தில் பல இடங்களில் காணலாம்.

ஈப்போ நகருக்குள் நேரம் இருந்தால், ஹப்பாக் வடிவமைத்த ரயில் நிலையத்தையும் அதற்கு எதிரிலுள்ள நகர மண்டபத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுந்தவை. ஈப்போ தலைநகரானது அதற்குப் பிறகு, 1937-இல்தான், அதுவரை தைப்பிங். குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் தைப்பூசத்திற்குப் பேர்போனது. அந்தச் சுண்ணாம்புக் குன்றின் ஒரு பகுதி 1973 அக்டோபரில் சரிந்து விழுந்து சுமார் 40 பேர் உயிரிழந்ததை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. சீனர்களின் குகைக் கோயில்களில் 1926-இல் தொடங்கிய பேராக் தோங் பார்க்க வேண்டிய ஒன்று. திரும்பும் வழியில் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்க மறந்தால் வீட்டில் கேள்வி வரும்.

தோட்ட ஆலயம் காட்சிப் பொருள் அல்ல, வழிபாடு நடக்கும் இடம். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, படம் எடுக்கும் முன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. மதியத்தில் நடை சாத்தியிருக்கக்கூடும் என்பதால் காலையில் முதலில் ஆலயத்திற்குப் போய்விட்டு, அதன் பிறகு கோட்டைக்கு வருவது வசதி.