விபத்துக் களத்தில் மீட்புப் பணியாளர் பாதுகாப்பு (அமெரிக்கா)

நெடுஞ்சாலை விபத்துக் களத்தில் இறங்கி வேலை செய்யும் தீயணைப்பு வீரர், காவலர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரை அவ்வழியே வரும் வாகனங்களிடமிருந்து காக்கும் நடைமுறைகள். அமெரிக்கச் சட்டம் முதலில் ஓட்டுநர்களிடம்தான் பேசியது. அவசர வண்டி நின்றால் அடுத்த தடத்துக்கு விலக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி 1996இல் தெற்குக் கரோலைனாவில் தொடங்கி, 2012க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தை நம்பி முதுகைக் காட்டி நிற்க முடியாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. கைபேசியில் கண் வைத்தவருக்கு ஒளிரும் மேலாடையும் தெரியாது, சுழல்விளக்கும் தெரியாது. ஆகவே, போக்குவரத்து வரும் பக்கத்தில் கனமான தீயணைப்பு வண்டியைச் சாய்வாக, முன்சக்கரங்களைக் களத்திலிருந்து விலக்கித் திருப்பி நிறுத்துவதே முதன்மையான நடைமுறை. ஓட்டுநரின் கவனத்தை நம்பியிராத காப்பு அது.

இப்படி நிறுத்தினால் கூடுதலாக ஒரு தடம் அடைபடும், தேங்கும் வாகன வரிசையின் கடைசியில் இரண்டாவது விபத்து நேரும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. அதற்கு விடை, எச்சரிக்கைப் பலகையை அந்த வரிசைக்கும் அப்பால் வைப்பதும், வேலை முடிந்த தடத்தை உடனே திறந்துவிடுவதும்தான், கவசத்தைக் கைவிடுவதல்ல. விளக்கில் மட்டும் சிக்கனம் வேண்டும்: இரவில் வருவோரின் கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்கு, அருகே நிற்கும் பணியாளரையே மறைத்துவிடுகிறது.