கூடும் கேடும்

மலையேரியில் மீன்பிடிக்கச் செல்வோர், மாலையில் ஓர் இரைக்கூட்டையும் நீரில் இறக்கிவைப்பர். மீன்தலையை உள்ளே கட்டிய கம்பிக்கூடு அது. வாயில் உட்புறமாக ஒடுங்கியிருக்கும். இரவில் இரைதேடும் நன்னீர்ச் சிங்கி இறால் எளிதிற் புகும். மீளும் வழி அறியாது. விடியலிற் கூடு கனக்கும்.

நேயர்களே, இவ்வெளிய வேட்டைக்குப் பின்னே துயர வரலாறு ஒன்றுண்டு. சுவீடன் நாட்டவர் ஆகஸ்டு மாதத்தில் இவ்விறாலைச் சதகுப்பையிட்டு அவித்து, கூடியிருந்து விருந்துண்பர். 1907ஆம் ஆண்டில், பின்லாந்திலிருந்து வந்த இறால்களோடு பூஞ்சணம் போன்ற ஒரு நோய்க்கிருமி மேலாரன் ஏரியை அடைந்தது. அது புகுந்த நீர்நிலைகளில் உள்நாட்டினம் கூட்டங்கூட்டமாக மடிந்தது. நோய்க்கு மருந்தில்லை.

ஆகவே சுவீடன் அமெரிக்காவை நோக்கிற்று. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீற்றர் மேலேயுள்ள தாகோ ஏரியில், அந்நோயைத் தாங்கவல்ல இனமொன்று வாழ்ந்தது. அங்கும் அது மனிதர் கொண்டுவந்து விட்டதே. 1960களில் அவ்வினம் கலிபோர்னியாவிலிருந்து சுவீடனின் ஏரிகளுக்குக் குடியேற்றப்பட்டது.

கூடுகள் மீண்டும் நிறைந்தன. ஆனால், நோயைத் தாங்கிய உடலே நோயைச் சுமந்தும் சென்றது. எஞ்சிய உள்நாட்டினமும் அருகிப்போயிற்று. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அமெரிக்க இனத்தைத் தீங்குதரும் வேற்றினங்களின் பட்டியலிற் சேர்த்தது.

கூட்டைத் தூக்குபவர் அதில் அகப்பட்டதையே காண்பர். கண்ணுக்குப் புலப்படாத நோய்வித்தோ, ஈரக்கூட்டில் ஒட்டி அடுத்த ஆற்றுக்குச் செல்லும். கூட்டை நன்றாக உலர்த்திய பின்னரே வேறு நீரில் இறக்குதல் வேண்டும். ஓர் இனத்தின் அழிவு கற்பித்த பாடம் இது.