கல்லிலும் செம்பிலும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்துக்குச் செல்லும் அடியார்களுள் மிகச் சிலரே அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னன் தமிழிலே பிறப்பித்த ஆணை. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்.

ஆணையின் சாரம் இதுதான். வெளிநாட்டு வணிகர் முதலில் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் சேதமுற்றால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சாதாரண வாணிபக் கலமானால் ஆளுக்குப் பாதி. கப்பல் உடைந்த கரையிலே கண்டவன் கொள்ளையிடாதபடி, தீவகக் கடலில் நிலவிய ஒரு சட்டம் இது.

இந்த ஆணையிலே என்னை ஈர்த்தது யானைக் கணக்கோ பண்டாரக் கணக்கோ அல்ல. சந்திரரும் சூரியரும் உள்ள காலம்வரை இது நிலைக்கும்பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் எழுத்து வெட்டப்பட்டது என்று அதிலே சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று அழிந்தாலும் மற்றையது எஞ்ச வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. நமக்கு வந்து சேர்ந்திருப்பது கல்.

அக்காலத்தில் எழுத்து வெட்டுவிக்க அரச கட்டளையும் கல்தச்சனும் வேண்டும். இன்று சில நூறு டொலர் செலவிட்டால் எழுத்து வெட்டும் இயந்திரம் வீட்டு மேசைக்கே வந்துவிடுகிறது. மரத்தைக் குடையும் சீ.என்.சீ. ரவுட்டரையும், ஒளிக்கதிரால் பொறிக்கும் லேசர் கருவியையும் பொழுதுபோக்காகக் கையாளுவோர் உலகெங்கும் பெருகிவிட்டனர். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, சுவாமிப் படச்சட்டம், கலியாண வீட்டு அலங்காரம் என்று அவர்கள் செய்யாத பொருள் இல்லை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கரான ஜோன் பார்சன்ஸ், ஹெலிகொப்டர் விசிறி அலகுகளைப் பிழையின்றிச் செய்யும் வழியைத் தேடியபோது, கருவியின் அசைவை எண்களால் நடத்தலாம் என்ற கருத்தை எட்டினார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1952இல் அத்தகைய இயந்திரமொன்றை இயக்கிக் காட்டியது. தியடோர் மைமன் 1960இல் முதலாவது லேசரை உருவாக்கினார். மரத்தையும் தோலையும் அக்ரிலிக்கையும் வெட்டப் பயன்படும் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலே பிறந்த குமார் பட்டேல். தொழிற்சாலைகளுக்குள் இருந்த இவ்வித்தை சாதாரண மனிதனின் கைக்கு வந்தது பிற்காலத்திலேதான். 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்னும் மலிவான மின்பலகை தோன்றியது. அதிலே ஓடி இயந்திரத்தை நடத்தும் கிர்பில் என்ற இலவச மென்பொருள் 2009இல் வந்தது. கதவு அதன்பின் திறந்துகொண்டது.

கருவி மாறினால் எழுத்தும் மாறும். இதனைப் பனைமரம் நிறைந்த தீவகத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. ஓலையிலே நார் வாக்கில் அழுத்தி நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். தமிழ் எழுத்து வளைந்து உருண்டதற்கு அதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். புள்ளி குத்தினால் துளை விழும் என்பதால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவனே இடமறிந்து கொண்டான். எழுதி முடித்த ஏட்டிலே கரி பூசித் துடைத்த பின்னரே எழுத்துக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

அந்தப் பழைய சிக்கல்கள் புதிய இயந்திரத்திலும் வேறு வேடத்தில் வந்து நிற்கின்றன. "அம்மன்" என்ற சொல்லைப் பலகையிலிருந்து தனியெழுத்துகளாக வெட்டி எடுத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் தனியே கழன்று விழ, "அமமன" என்பதே மிஞ்சும். மாறாக, தகட்டிலே எழுத்தைத் துளைத்து எடுத்தால், வ, ன, ள போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு உதிர்ந்து போகும். அதைத் தாங்கச் சிறு பாலம் விடவேண்டும். கணினி எழுத்துருக்கள் எழுத்தின் புறவரையைக் கொண்டவை. ஆகையால் ரவுட்டர் ஒரு கோட்டை இழுப்பதற்குப் பதிலாக அதன் இரு கரைகளையும் சுற்றிவருகிறது. எழுத்தாணி இழுத்தது போன்ற ஒற்றைக்கோட்டு எழுத்துருவே இதற்கு ஏற்றது. கூர்முனை அலகைப் பயன்படுத்தினால், கோடு அகன்ற இடத்தில் அது ஆழமாக இறங்கி, ஒடுங்கிய இடத்தில் மேலெழும். உளியால் வெட்டிய சாயல் அப்போது ஓரளவு கிடைக்கிறது.

இன்னொரு சங்கடம் பத்திரிகைக்காரர் நன்கு அறிந்தது. நமது பத்திரிகைகள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே வெளிவந்தவை. அதிலே கொம்பு முன்னே, எழுத்துப் பின்னே என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டெழுதினோம். யூனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையிலே முன்னால் காட்டப்படுகிறது. இந்த விதியை அறியாத செதுக்கல் மென்பொருளிலே "கோயில்" என்று இட்டால் கொம்பு இடம்மாறிப் போகும். இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் சொல்லை எழுதி, உருவக்கோடாக மாற்றிய பிறகு இயந்திரத்துக்குக் கொடுப்பதே பாதுகாப்பானது. பத்திரிகையில் எழுத்துப் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். மரத்திலும் கல்லிலும் வெட்டிய பிழைக்கு மறுநாள் கிடையாது. செதுக்குவதற்கு முன் தமிழறிந்த இருவர் வாசித்துப் பார்த்தல் அவசியம்.

இவ்வளவும் வெறும் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். எழுத்தை இழந்த சமூகத்துக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. யாழ். பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை நிரந்தரமாகப் போயின. 1990, 1991 ஆண்டுகளின் படை நடவடிக்கைகளில் தீவக மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். பின்னர் பலர் பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வேரூன்றினர். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நம்மைவிட யார் அறிவார்?

பராக்கிரமபாகுவின் கல்லும் கடற்காற்றிலே நிற்பதுதான். எழுத்து நாளுக்கு நாள் தேயும். ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, அப்படங்களிலிருந்து அதன் மேடுபள்ளங்களைக் கணினியில் அமைக்கும் முறை இன்று எளிதாகிவிட்டது. அக்கோப்பைக் கொண்டு ரவுட்டரால் மரத்திலே அதே புடைப்புடன் பிரதி வெட்டலாம். ஊர்ப் பாடசாலைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கத்துக்கு ஒன்று என்று வைக்கலாம். பக்கத்திலே அறிஞர் கொண்ட பாடத்தை லேசரால் பொறித்துப் பொருத்தலாம். ஆலயத்தாரினதும் தொல்லியல் திணைக்களத்தினதும் அனுமதியை முறைப்படி பெற்றே படமெடுக்கவேண்டும். கல்லிலே கையோ கரியோ படலாகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கணினிக் கோப்பு நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய நெகிழ்தட்டிலே சேமித்த கட்டுரையைத் திறக்க இன்று கருவி தேடி அலையவேண்டியிருக்கிறது. கோப்பும் வேண்டும், மரப்பலகையும் வேண்டும், அச்சிட்ட தாளும் வேண்டும்.

மேசைமேல் இயந்திரம் வைத்திருக்கும் நம்மவர் பிள்ளைகள் சாவிக்கொத்துகளைத் தாராளமாகச் செய்யட்டும். இடையிலே ஒரு பலகையை, ஊர்காவற்றுறைக்கு வந்த அந்நியனைக் காக்கச் சொன்ன அந்த வாசகத்துக்காக ஒதுக்கினால் நல்லது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கல் ஒன்று போதாது, செம்பும் வேண்டும் என்று நினைத்தவர்களின் யோசனை இன்றும் சரியானதே.