பாட்டன்மார் விட்டு வந்த கிராமம்



நம் பெண்டாங் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஊருன்னா பச்சைப்பசேல்னு வயலு, கோயிலு, திருவிழா" என்பார்கள். அவ்வளவு நல்ல ஊரை விட்டுவிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஏன் பினாங்குக்கு வந்தார்கள்?

1916ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். அவர் தம் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார். எத்தனை வீடு, எத்தனை தலை, யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் உள்ள ஊர்களில் ஒன்று தென் ஆற்காட்டு இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கே நிலத்தில் பெரும்பங்கு ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கையில். மக்கள்தொகையில் பெரும்பாலோர் வன்னியர்களும், தனியே சேரியில் வாழ்ந்த ஆதிதிராவிடர்களும். சேரி மக்களில் பலர் 'படியாள்'. படியாள் என்றால் என்ன? கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கை நீட்டியவன். கடன் தீரும்வரை அவர் நிலத்தில்தான் வேலை. கூலியோ தானியம், அது வயிற்றுக்கே காணாது. பிறகு கடன் எப்படித் தீரும்? அப்பன் செத்தால் கடன் மகன் தலையில். (கல்யாணத்துக்குக் கடன் வாங்கும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இப்படிப்பட்ட ஊர்களில்தான் கங்காணி வந்து நின்றார். தென் ஆற்காடு, வட ஆற்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் ஆகிய மாவட்டங்களே மலாயாவுக்கு அதிகம் ஆள் கொடுத்தவை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் கட்டிய வரியிலிருந்து கப்பல் செலவு கிடைத்தது. இங்கே பால்மரக் காட்டில் பாடு அதிகம், காய்ச்சலும் அதிகம். ஆனாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று சட்டம் சொன்னது. அப்படிப் போனவன் மகனிடம் கடன் கேட்டு வர ஊர் நிலக்காரர் இங்கே இல்லை. படியாளுக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் சேரியும் கப்பலேறி வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்? பல தோட்டங்களில் லயங்களையே சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள். தண்ணீர்க் குழாயிலும் கோயில் வாசலிலும் அது தெரிந்தது. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்: 1936லும் 1981லும் 2008லும். ரெட்டியார் குடும்பத்தின் பிடி தளர்ந்தது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வன்னியர் கைக்குப் போனது. 2008இல் பார்த்தபோது, சேரி ஆண்கள் பலர் வயல் வேலையை விட்டு வெளிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிலக்காரரை நம்பிப் பிழைக்கும் நிலை பெரும்பாலும் மாறியிருந்தது. ஆனால் நிலம் மட்டும் சேரிக்கு அதிகம் வந்து சேரவில்லை.