வால்வு ஆம்ப்ளிபயரும் கெடாத் தோட்டங்களும்

தோட்டக் கோவில் திருவிழாக்களில் மைக் செட்டுக்குத் தனி இடம் உண்டு. பாட்டும் அறிவிப்பும் சொற்பொழிவும் அதன் வழியாகவே மக்களைச் சென்றடைகின்றன. மைக்கில் பிறக்கும் மிகச் சிறிய மின்னலையைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் உறுப்பே ஆம்ப்ளிபயர் ஆகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது கண்ணாடி வால்வுகளைக் கொண்டே இயங்கியது. அதனைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் கலை அக்காலத்தில் உலகின் பல நாடுகளில் வளர்ந்தது. அக்கலை கெடாவின் எல்லையில் எங்கே நின்றது, ஏன் நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

வால்வின் வரலாறு 1904இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு மின்வாய்களைக் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் மூன்றாவது மின்வாயாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள் நேர்மின்தகட்டை நோக்கி விரைகின்றன. இடையே நிற்கும் வலை அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நெல் விளையும் கெடாவில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. மடைப் பலகையைச் சிறிதே அசைத்தால் வாய்க்கால் நீர் முழுவதும் ஏறியும் இறங்கியும் ஓடும். அதுபோலவே வலையில் ஏற்படும் சிறு அசைவு தகட்டில் பெரிய மாற்றமாகிறது. வால்வு ஒலியைப் பெருக்கும் முறை இதுவே.

தமிழருக்கும் இக்கைவினை தொடக்கத்திலேயே அறிமுகமாயிற்று. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றைத் தாமே இணைத்தார். அவர் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுவிட்டபோதிலும், 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றுக்கொண்டது. கெடாவுக்கு அண்டையிலுள்ள பினாங்கில் ஆர்வலர்களின் வானொலிச் சங்கம் 1934இல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. அரசினரின் ரேடியோ மலாயா 1946இல்தான் பிறந்தது. ஆர்வலர் முன்னே சென்றனர்; அரசு பின்னே வந்தது.

வீட்டில் செய்யும் ஆம்ப்ளிபயருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தவர் டி. டி. என். வில்லியம்சன் என்னும் பொறியாளர். 1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் அவர் தம் சுற்றமைப்பை முழுவதுமாக வெளியிட்டார். அதன் ஆற்றல் 15 வாட். வெளிவரும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் தலைமாறாக உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் உத்தியை அமெரிக்கரான ஹரால்டு பிளாக் 1927இல் கண்டறிந்திருந்தார். வில்லியம்சன் அதனைத் திறம்படக் கையாண்டார். எந்த இடத்தில் எந்த மின்தடை, டிரான்ஸ்பார்மரில் கம்பியை எவ்வாறு சுற்றுவது என்பன போன்ற விவரங்களை அவர் ஒளிக்கவில்லை. ஆகவே கடல் கடந்த நாட்டவரும் அதனைச் செய்து பார்க்க முடிந்தது.

1954இல் முல்லார்டு நிறுவனம் இன்னும் எளிய சுற்றமைப்பு ஒன்றை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட் என்பதால் அது 'ஐந்து-பத்து' எனப் பெயர் பெற்றது. ஆயினும் இதனைச் செய்வதற்கு மூன்று தேவைகள் இருந்தன: உறுப்புகளை வாங்கப் பணம், இடைவிடாத மின்சாரம், ஆங்கில எழுத்தறிவு.

பணம் ஒருபுறமிருக்க, மின்சாரத்தைப் பார்ப்போம். முல்லார்டு சுற்றமைப்பின் கடைசி நிலையிலுள்ள இரண்டு இ.எல். 84 வால்வுகளைச் சூடேற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 9.5 வாட் மின்சாரம் செலவாகும். ஒலியாக வெளிவருவதோ 10 வாட். ஏனைய வால்வுகளுக்கும் சூடு வேண்டும். அதற்கு மேல் தகடுகளுக்கு ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தமும் வேண்டும். மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில் வாழ்ந்தோருக்கு மின்விளக்கு எட்டியது. பல தோட்டங்களிலோ தொழிற்சாலை எஞ்சின்தான் மின்சாரம் தந்தது. தொழிலாளர் லயங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே கழிந்தன. பத்து வாட் ஒலிக்காகப் பல மடங்கு மின்சாரத்தைச் சூடாக்கிச் செலவிடும் கருவிக்கு லயத்தில் இடமில்லை.

அடுத்தது மொழி. சுற்றமைப்பு விளக்கங்கள் ஆங்கிலத்தில் அச்சாயின. தோட்டத் தமிழ்ப் பள்ளியோ ஆறாம் வகுப்போடு முடிந்தது. கைத்திறனில் குறையில்லாத இளைஞனுக்கும் அந்தத் தாள் மூடிய கதவாகவே இருந்தது. மின்சாரத்தை அணைத்த பின்னும் மின்தேக்கியில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும் என்னும் உயிர்காக்கும் எச்சரிக்கைகூட அந்த ஆங்கிலத்தாளில்தான் இருந்தது.

ஆகவே தோட்ட மக்கள் ஒலியைக் கேட்போராக இருந்தனர். அதனை ஆக்குவோராகும் வாய்ப்பு அரிதாயிற்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், அரசு புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. பெட்டி வந்தது, குரலும் வந்தது. அதன் உள்ளமைப்பை விளக்கும் தமிழ்ப் பாடம் வரவில்லை. 1947இன் இறுதியில் அமெரிக்காவில் பிறந்த டிரான்சிஸ்டர், சூடேற்றும் தேவையை ஒழித்தது. பேட்டரியில் இயங்கும் சிறு வானொலி லயத்துக்குள் நுழைவதற்கு அதுவே வழி திறந்தது. மின்சார எல்லையை அறிவியல் இவ்வாறு கடந்தது. மொழி எல்லையை எந்தப் புதுப்பொருளும் தானாகக் கடந்து தரவில்லை.

வால்வு இன்னும் மறைந்துவிடவில்லை. இ.எல். 84 இன்றும் ஸ்லோவாக்கியாவில் செய்யப்படுகிறது. முல்லார்டு சுற்றமைப்பை இன்றும் ஆர்வலர் கட்டி மகிழ்கின்றனர். வில்லியம்சனின் பெருமை அவர் செய்த கருவியில் மட்டும் இல்லை. பிறரும் செய்யும்படி அதனை எழுதி வைத்ததில் இருக்கிறது. தமிழாசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. தொழிலறிவைத் தெளிவான தமிழில், அளவும் எச்சரிக்கையும் விடுபடாமல் எழுதினால், தோட்டத்துப் பிள்ளையின் கை அதனைப் பற்றிக்கொள்ளும். மேடையில் தமிழ் முழங்குவது நன்று. அந்த முழக்கத்தைப் பெருக்கும் கருவியையும் தமிழில் விளக்குவது அதனினும் நன்று.