மலைநாட்டு வேட்டைநாய்கள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாய் வீட்டுவாசலைக் காக்கும் பிராணி. மலைநாட்டு வரலாற்றிலோ அதற்கு வேறொரு பங்கும் உண்டு.

1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்களையும் உடன்கொண்டு வந்தார். நாய்கள் மோப்பம் பிடித்து மரையைத் துரத்தும். ஓடிக் களைத்த மரை ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும். அவர் கத்தியோடு சென்று அதனைக் கொல்வார். இவ்வேட்டைகளைப் பற்றி அவர் நூலும் எழுதினார்.

அக்காடு யாருடையது? உரிமை நாட்டப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கொண்டது. சேனை செய்த குடியானவன் தன் உரிமைக்குச் சான்று தேடி அலைந்தான். துரையோ நாய்களுடன் விரும்பியவாறு திரிந்தார். பொதுநிலம் பெயரளவிலேயே பொதுவாக இருந்தது.

கட்டுப்பாடுகள் மெல்லவே வந்தன. 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று அங்கே புல்வெளியில் மரைகள் அச்சமின்றி மேய்கின்றன. நாயை அழைத்துச் செல்ல எவருக்கும் அனுமதியில்லை.

“கொல்வதற்கன்று, நாயைப் பழக்குவதற்கே விடுகின்றோம்” என்று சிலர் வாதிக்கலாம். ஆனால் துரத்தப்படும் மரைக்குப் பழக்கமும் வேட்டையும் ஒன்றே. குட்டியைப் பிரிந்து ஓடும் தாய்மரை அந்த வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? பொதுநிலத்தில் விதி வகுப்போர் அதன் பக்கத்திலும் நின்று சிந்தித்தல் வேண்டும்.