அனைவருக்கும் அனுப்பவும்

செல்பேசியோடு நமக்கு ஓர் எழுத்து வகையும் வந்து சேர்ந்தது. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது, தேதி கிடையாது. அனைவருக்கும் அனுப்பவும் என்ற கட்டளை மட்டும் இறுதியில் தவறாமல் இருக்கும். இலக்கியம் பேசுவோர் இதை எழுத்தாகவே மதிப்பதில்லை. ஆயினும் இத்தனை பேர் நம்பிப் படியெடுத்த எழுத்துக்கு ஒரு சிறு வரலாறேனும் இருக்க வேண்டும் அல்லவா?

தமிழ்நாட்டில் இதன் முன்னோர்கள் அஞ்சலட்டையும் பிட் நோட்டீசும். ஒரு கோயிலில் நிகழ்ந்த அற்புதத்தைச் சொல்லி, இத்தனை பேருக்கு எழுதினால் நன்மை, அலட்சியம் செய்தால் கேடு என்று முடியும் கடிதங்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செல்பேசிக் காலத்தில் தெய்வம் இருந்த இடத்தில் நிறுவனம் வந்து அமர்ந்தது. திரையில் குறிப்பிட்ட ஒரு சொல்லுடன் வரும் அழைப்பை எடுத்தால் வைரஸ் புகுந்து கருவி பாழாகும், இதை மோட்டோரோலாவும் நோக்கியாவும் உறுதி செய்துள்ளன என்று சொன்ன மின்னஞ்சல் பல ஆண்டுகள் உலகைச் சுற்றியது. அது முழுப் பொய். 2007 ஏப்ரலில் பாகிஸ்தானில் இக்கதை இன்னும் முற்றி, சில எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் உயிரே போகும் என்று பரவியது. தொலைத்தொடர்பு ஆணையம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

செல்பேசி வைரஸ் என்பதே கற்பனை என்று இதற்குப் பொருளில்லை. 2004 ஜூனில் அறியப்பட்ட 'காபிர்', சிம்பியன் இயங்குதளம் கொண்ட கருவிகளில் ப்ளூடூத் வழியே பரவக்கூடியது. ஆனால் வந்த கோப்பை ஏற்பதாக உரிமையாளரே பொத்தானை அழுத்தினால்தான் அது உள்ளே வரும். அழைப்பை எடுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வரலாற்றின் துயரமான அத்தியாயம் 2005இல் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஆம்புலன்ஸ் பணியாளராக இருந்த பாப் பிராட்சி ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். நினைவிழந்து கிடப்பவரின் செல்பேசியில் நூறு பெயர்கள் இருக்கின்றன, யாரை அழைப்பது? நெருங்கிய உறவினர் ஒருவரின் எண்ணை 'ஐஸ்' என்ற பெயரில் பதிந்து வைத்தால் போதும். 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் சுருக்கம் அது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று லண்டன் குண்டுவெடிப்புகளில் 52 பேர் பலியானதும் இந்த யோசனை மின்னஞ்சல்களாக உலகெங்கும் பறந்தது. சில நாட்களுக்குள் பின்னாலேயே இன்னொரு மின்னஞ்சல் கிளம்பியது: 'ஐஸ்' என்று பதியாதீர்கள், அதன் வழியே வைரஸ் நுழையும்! ஆம்புலன்ஸ் சேவை அதை மறுத்தது. ஆனால் மறுப்புகளை யாரும் அனைவருக்கும் அனுப்புவதில்லை.

இரண்டு கடிதங்களையும் அனுப்பியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. பொய்யும் மெய்யும் ஒரே பந்தியில் அமர்ந்தன என்பதுதான் சிக்கல். அக்காலத்தில் சுற்றிய இன்னொரு மடல் 112 என்ற அவசர எண்ணையும், கருவியின் அடையாள எண்ணைக் காட்டும் *#06# என்பதையும் சரியாகவே சொன்னது. *3370# அழுத்தினால் ஒளித்துவைத்த மின்சாரம் கிடைக்கும் என்றும் அதே மூச்சில் சொன்னது. உண்மையில் அது நோக்கியா கருவியில் குரலின் தரத்தைக் கூட்டி, மின்கலத்தை விரைவாகக் காலியாக்கும் குறியீடு.

திண்டுக்கல் போன்ற ஊருக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. நகரை ஒட்டி வடக்கும் தெற்குமாக நான்குவழிச் சாலை ஓடுகிறது. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், பழனிக்கும் அன்றாடம் சாலையில் செல்பவர்கள் ஏராளம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியபின் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வண்டி வருகிறது. அவர் யார், வீட்டுக்கு யார் சொல்வது என்ற கேள்விக்கான விடை அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இன்று அந்த விடைக்குப் பூட்டும் போட்டிருக்கிறோம். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நல்ல பூட்டு அந்நியனைத் தடுக்கும், உதவ வந்தவனையும் தடுக்கும். பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பைக் காட்டும் வசதி 2014இல் ஐபோனிலும் 2016இல் ஆண்ட்ராய்டிலும் வந்துவிட்டது. பிராட்சியின் யோசனைக்குக் கிடைத்த மறுபிறவி அது. அமைப்புகளுக்குள் தேடி நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

இத்தகைய எச்சரிக்கைகள் இனியும் வரும். எழுதியவர் யார், எங்கே கேட்டு உறுதி செய்யலாம் என்று சொல்லாத எதையும் நம்மோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொய் எச்சரிக்கை செய்யும் பெருங்கேடு, அடுத்து வரும் மெய் எச்சரிக்கையையும் யாரும் நம்பாமல் செய்துவிடுவதுதான்.